ஹிட்டா, ஸ்ட்ரைக்கா?

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் ‘ஹிட்’, ‘ஸ்ட்ரைக்’ என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். அன்றாடப் பேச்சுக்கு ‘ஹிட்’ போதும்: கார் சுவரில் மோதினாலும், பந்தை சிக்ஸருக்குத் தூக்கினாலும் அதுதான். இறந்தகாலத்திலும் வடிவம் மாறாது. ‘ஹிட்டட்’ என்று ஒரு சொல்லே கிடையாது. வழுக்குமிடம் வேறு. ‘ஹி ஹிட் ஹிஸ் ஹெட்’ என்றால் பெரும்பாலும் தன் தலையையே இடித்துக்கொண்டான் என்று பொருள். அடுத்தவன் தலையில் அடித்தால் ‘ஹி ஹிட் ஹிம் ஆன் த ஹெட்’. போலீஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது இதைக் குழப்பினால் அடிபட்ட ஆளே மாறிவிடுவார்!

‘ஸ்ட்ரைக்’ சற்று மிடுக்கானது. இறந்தகாலம் ‘ஸ்ட்ரக்’, ‘ஸ்ட்ரைக்ட்’ அல்ல. கடிகாரம் மணி அடிப்பதற்கும் தீக்குச்சி உரசுவதற்கும் இதுதான், ‘ஹிட்’ பொருந்தாது. மின்னலுக்கும் இதுவே இயல்பு. வேலைநிறுத்தமும் இதே சொல்: 1913இல் டர்பன் அடங்கிய நேட்டால் மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர்கள் செய்தது, 1973இல் டர்பன் ஆலைகளில் நடந்தது. ஆனால் அங்கே ‘வென்ட் ஆன் ஸ்ட்ரைக்’ என்பதே பாதுகாப்பு. வெறும் ‘ஸ்ட்ரக்’ பத்திரிகை நடை.

டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதான வர்ணனையில், பந்துவீச்சாளர் கேசவ் மஹராஜைக் குறித்து ‘மஹராஜ் ஸ்ட்ரைக்ஸ்’ என்றால் விக்கெட் விழுந்துவிட்டது. அடித்து ஆடும் மட்டையாளருக்கு ‘ஹிட்ஸ்’தான்.