செந்தூல் கராத்தே வகுப்பில் ஏழு மாதம்: மூச்சிலிருந்து தொடங்கும் பாடம்

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பாலாய் ராயாவில் (சமூக மண்டபத்தில்) செவ்வாய், வியாழன் இரவுகளில் 8 மணி முதல் 9.30 வரை நடக்கும் கோஜு-ரியு என்னும் பிரிவைச் சேர்ந்த கராத்தே வகுப்பில் நானும் என் மகளும் ஏழு மாதங்களாகப் பயின்று வருகிறோம். மாதக் கட்டணம் பெரியவர்களுக்கு 80 ரிங்கிட், சிறுவர்களுக்கு 60 ரிங்கிட். கோலாலம்பூரில் கராத்தே வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. குத்தவும் உதைக்கவும் எங்கும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். இந்த ஒரு வகுப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், இங்கே மூச்சும் தியானமும் ஒவ்வொரு அடியோடும் சேர்த்தே கற்பிக்கப்படுகின்றன என்பதுதான். குறைகளையும் சொல்லப் போவதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இருபது வயதில் வேறோர் இடத்தில் மூன்றாண்டுகள் கராத்தே பயின்றவன் நான். மூச்சைப் பற்றி அங்கே எனக்குச் சொல்லப்பட்டது, "மூச்ச அடக்கிக்கிட்டுக் குத்து" என்ற ஒரே வாக்கியம். மூன்று நிமிடச் சண்டைப் பயிற்சியில் முதல் நிமிடம் முடிவதற்குள் என் தோள்கள் காது வரை ஏறிவிடும். வாய் உலர்ந்து, கைகள் கல்லாகக் கனக்கும். உடலில் வலுவில்லை என்று நினைத்துத் தித்திவங்சா ஏரியைச் சுற்றி மேலும் மேலும் ஓடினேன். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சைப் பிடித்து நிறுத்தியதே என்னைக் களைப்படையச் செய்தது என்பதை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இங்கேதான் உணர்ந்தேன்.

இங்கே முதல் மூன்று வாரங்கள் எனக்குக் குத்தே சொல்லித் தரப்படவில்லை. மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வாசலில் என்னை "அண்ணே" என்பார், பாயில் கால் வைத்ததும் நான் அவரை "மாஸ்டர்" என்பேன். தொப்புளுக்கு மூன்று விரற்கடை கீழே என் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, மூக்கால் இழுக்கும் மூச்சு அந்தக் கையை வெளியே தள்ள வேண்டும், மார்பு அசையக் கூடாது என்றார். ஜப்பானியர் தண்டென் என்று அழைக்கும் இடம் அது. முதல் நாள் என் கை அசையவே இல்லை. தோள்தான் ஏறி இறங்கியது. அவர் என் பின்னால் நின்று இரு தோள்களிலும் தம் கைகளை வெறுமனே வைத்தார். அழுத்தவும் இல்லை, பேசவும் இல்லை. அந்தக் கைகளின் கனத்தில் தோள்கள் தாமாகவே இறங்க, ஏழெட்டு மூச்சுகளுக்குப் பிறகு வயிறு மெல்ல முன்னே வந்தது.

அதன் பின்னரே சாஞ்சின். "மூன்று போர்கள்" என்று பொருள்படும் இந்தக் காத்தா (வரிசைப்படுத்திய அசைவுத் தொடர்), கோஜு-ரியுவின் அடிப்படைப் பாடம். கால்விரல்களை உட்புறம் திருப்பி, தரையைப் பிடித்தாற்போல் நின்று, மூன்றடி முன்னே நகர்ந்து, ஒவ்வொரு குத்தையும் நீண்ட ஓசையுள்ள வெளிமூச்சோடு மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். நாம் செய்து கொண்டிருக்கும்போதே ஆசிரியர் தோளிலும் தொடையிலும் தட்டிப் பார்ப்பார். தட்டும் கணத்தில் மூச்சு அறுந்தால் நிலையும் அறுந்துவிட்டது என்று பொருள். வெளிமூச்சின் ஓசையை வைத்தே அவர் பிழையைக் கண்டுபிடிக்கிறார். தொண்டையில் எழும் கரகரப்பான ஓசையைக் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்வார். அடிவயிற்றிலிருந்து எழும் ஓசை தணிந்தும் சீராகவும் இருக்கும். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு இப்போது என் மகளே மற்றவர்களின் ஓசையில் வேறுபாடு சொல்கிறாள்.

இதற்கெல்லாம் காரணம் கேட்டால் மாஸ்டர் தயங்காமல் விளக்குகிறார் என்பது இந்த வகுப்பின் பெரிய பலம். அடி விழும் கணத்தில் மூச்சை வெளியே விடும்போது வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன; இடுப்பில் பிறந்த விசை நடு உடலில் சிதறாமல் கைக்குப் போய்ச் சேர்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் எதிராளியின் அடி விழுந்தால், தளர்ந்திருக்கும் வயிறு அதைத் தாங்காது. தேர்ந்த எதிராளி நம் மூச்சைக் கவனிப்பது அதனால்தான். ஓய்வு வேளையைப் பொறுத்தவரை, பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் விடும்போது தணிவதும் இயற்கை. ஆகவே வெளிமூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்குக் கொண்டுவந்தால், இரு சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளியிலேயே படபடப்பு கணிசமாக அடங்குகிறது. போட்டிக்குப் போகும் இளைஞர்களுக்கு இதைத்தான் அவர் மிகவும் வலியுறுத்துகிறார்.

எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. சேர்ந்த அன்றே, "அண்ணே, ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டவர், உடலை இறுக்கி மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும் என்று சொல்லி, இறுக்கமில்லாமல் மூச்சோடு மட்டும் சாஞ்சின் செய்ய வைத்தார். இந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு உண்டு.

வகுப்பின் முடிவில் மொக்குசோ, அதாவது மௌன அமர்வு. நான் பார்த்த பிற வகுப்புகளில் இது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இங்கே பத்து நிமிடம். மண்டியிட்டுக் குதிகால்களின் மேல் அமர்ந்து, வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்று. வெளியே கொமுட்டர் ரயில் போகும், மழை நாளில் தகரக் கூரை இரையும். முதல் மாதங்களில் நான் நான்கைத் தாண்டியதில்லை. ஒருநாள் சண்டைப் பயிற்சியில் முகத்தில் அடி வாங்கிய கோபத்தோடு அமர்ந்தேன். எண்ணத் தொடங்கும்போது பற்களைக் கடித்துக் கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஏழாவது மூச்சில்தான் தாடை விட்டது. அடித்த இளைஞனிடம் அதன் பிறகு இயல்பாகப் பேச முடிந்தது.

மாஸ்டர் தமிழ் மாணவர்களிடம் பூரகம் (மூச்சை இழுத்தல்), கும்பகம் (உள்ளே நிறுத்துதல்), இரேசகம் (வெளியே விடுதல்) என்ற யோகச் சொற்களையே பயன்படுத்துகிறார். அதைக் கேட்கும் பெற்றோர் சிலர், காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் வழியாகவே இக்கலை முழுவதும் பிறந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கதை நமக்குப் பிடித்தமானது. ஆனால் அவர் பெயரில் வழங்கும் உடற்பயிற்சி நூல் அவர் காலத்துக்கு மிகவும் பிந்திய 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. சாஞ்சினைச் சீனத்தின் ஃபூசோ நகரில் கற்று ஜப்பானின் ஒகினாவாத் தீவுக்குக் கொண்டுவந்தவர் ஹிகாவோன்னா கான்ரியோ; அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888–1953) கோஜு-ரியுவை உருவாக்கினார். மாஸ்டர் இதை இப்படியே சொல்கிறார். நம் சொற்களைக் கொண்டு விளக்கும்போதும் பிறருடைய வரலாற்றை மாற்றாமல் இருப்பது நேர்மையானது. யோக மரபில் வரும் 16 மாத்திரை நேரம் பூரகம், 64 கும்பகம், 32 இரேசகம் என்ற கணக்கை வீட்டில் முயன்று பார்த்த ஒரு மாணவரை அவர் கண்டித்ததையும் கண்டேன். அது நெடுநாள் பழகியவர்களுக்கான அளவு.

இனிக் குறைகள். மாஸ்டர் வர முடியாத வியாழன்களில் உதவிப் பயிற்றுநர் வகுப்பை நடத்துகிறார். அவர் பத்து வயதுப் பையனுக்கும் ஐம்பது வயதுப் பெரியவருக்கும் ஒரே எண்ணிக்கையில், மிக விரைவாக மூச்சை விடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஒரு சிறுவனுக்குத் தலை சுற்றி விரல்கள் மரத்துப் போனதை நேரில் பார்த்தேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகும் அதே எண்ணிக்கை தொடர்ந்தது வருத்தத்துக்குரியது.

மற்றொன்று புகைமூட்டம். காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் காற்று உடல்நலத்துக்கு ஏற்றதன்று என்பது இந்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு மாலையிலும் சன்னல்கள் திறந்திருக்க ஆழ்மூச்சுப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. மூச்சையே பாடமாக வைத்திருக்கும் வகுப்பு அன்று மௌன அமர்வோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் இதைச் சொன்னபோது மாஸ்டர் ஏற்றுக்கொண்டார். எழுத்தில் விதியாக இன்னும் வரவில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பத்து நிமிட மௌனம் நீளம் என்பதும் என் கருத்து. மூன்று நிமிடத்துக்கு மேல் அவர்கள் கால் வலியைத்தான் எண்ணுகிறார்கள்.

சேர விரும்பும் பெரியவர்கள் செவ்வாய் வகுப்புக்கு முதலில் வந்து பார்ப்பது நல்லது. ஒரு நாள் பார்க்கக் கட்டணம் கேட்பதில்லை. இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் உதவிப் பயிற்றுநரிடமும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். முழங்கால் மடங்காதவர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள்.