ஞாயிறு காலைக் காற்பந்துப் பயிற்சி: ஆண்கள் குழுவுக்கு ஒரு ‘கக்கா’ (மலாயில் அக்கா)

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பயிற்சி வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தபோது வந்த முதல் கேள்வியும் அதுதான். ஆளுக்கு ஒரு வகுப்பு 25 வெள்ளி, ஒன்றரை மணி நேரம். எட்டு வகுப்புகளைத் தொகுப்பாக எடுத்தால் 180. திடல் வாடகை, பந்து, கூம்பு எல்லாம் அதில் அடக்கம். தண்ணீர் உங்கள் பொறுப்பு. பன்னிரண்டு பேராவது சேர்ந்தால்தான் பயிற்றுநர் வருவார். இருபதுக்கு மேல் எடுப்பதில்லை.

நடத்துபவர் ஒரு பெண். இங்கே சிங்கப்பூரில் பெண்கள் லீக்கில் பல பருவங்கள் நடுத்திடலில் ஆடியவர், மலாய்க்காரர், முழங்கால் நார் கிழிந்தபிறகு பயிற்சி கொடுக்க வந்துவிட்டார். வார நாள்களில் வேறு வேலை பார்க்கிறார், அதனால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் கோச் என்போம். எங்களில் இளையவர்கள் கக்கா என்கிறார்கள், அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் யார் என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரியும். உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கத்துத் தமிழர்கள். பாதிப்பேர் நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கிடங்கு, கப்பல் பட்டறை, லாரி, பேருந்து என்று பல வேலை. ஒரு பல் மருத்துவரும் உண்டு. அமெச்சூர் லீக் ஒன்றில் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கண்ணில் படுவோம். ஆடுவதே புரோட்டா சாப்பிடத்தான் என்று எங்கள் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது, மறுக்க முடியாது.

இதற்கு முன் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் திடலைச் சுற்றி ஓட்டம், வரிசையில் நின்று கோலை நோக்கி உதை, பிறகு இரண்டாகப் பிரிந்து ஆட்டம், அவ்வளவே. ஓடுவதற்கு எதற்குக் காசு? தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பயிற்சியில், இலவசமாகவே ஓட வைத்தார்களே.

கக்காவின் வகுப்பு அப்படி இல்லை. எங்களை ஐந்தைந்து பேராக ஒரு சதுரத்துக்குள் நிறுத்தினார். பந்து ஒருவர் காலிலிருந்து கிளம்பி உங்களை நோக்கி வருகிறது. அது வந்து சேருவதற்குள் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் கைவிரல்களைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று கத்திவிட்டு, அப்புறம்தான் பந்தை வாங்க வேண்டும். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். செய்து பாருங்கள், தெரியும். வலப்பக்கத் தற்காப்பில் ஆடும் எங்கள் ரைட் பேக் பேருந்து ஓட்டுபவர். அவர் பந்தை மட்டும் முறைத்துக்கொண்டு, “மூணு, மூணு” என்று குத்துமதிப்பாக அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். விசில். கக்கா பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார், ‘அண்ணே’ மட்டும் தமிழில்: “அண்ணே, பஸ்ஸுல அந்தக் கண்ணாடியெல்லாம் எதுக்கு மாட்டியிருக்கு?” எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். இப்போது பந்து கிளம்பும் முன்னாலேயே இரண்டு பக்கமும் பார்த்துவிடுகிறார். முன்பெல்லாம் அவர் காலுக்கு வந்த பந்து பாதிக்குப் பாதி எதிரணிக்குத்தான் போகும்.

இந்தப் பயிற்சியில் வியர்வை அதிகம் வராது. வியர்த்தால்தான் காசுக்கு மதிப்பு என்று நினைப்பவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகலாம்.

எங்கள் அணியின் மூத்தவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடுத் தற்காப்பு ஆடுகிறார். சிங்கப்பூர் அணியின் நட்சத்திரம் சுந்தரமூர்த்தி காலாங் விளையாட்டரங்கில் ஆடியதை நேரில் பார்த்தவர், அதை வாரத்துக்கு ஒருமுறையாவது எங்களுக்கு ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார். பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறார் என்றதும், “பொம்பளப்புள்ள வந்து நமக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப்போவுது” என்று கையைக் கட்டிக்கொண்டார். கக்கா அவரோடு வாதாடவில்லை. எங்களுக்குத் தெரியாமலேயே முந்தைய ஆட்டத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நேராக அவரிடம் போய், “அங்கிள், போன மேட்ச்ல மூணு கோல்ல ரெண்டு உங்க பக்கமா வந்துச்சு. ஏன்னு நெனைக்கிறீங்க?” என்றார். வயசாகிவிட்டது, காலில் வேகம் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்வார் என எதிர்பார்த்தோம். அவர் வாயைத் திறக்கும் முன் கக்காவே பதிலைச் சொல்லிவிட்டார்: “நீங்க ஸ்லோ இல்ல. உங்களுக்கு முன்னாடி நிக்கிற பையன் இறங்கி வரல. அவனுக்கு அது தெரியாது. உங்களுக்குத்தான் முழுத் திடலும் தெரியுது, நீங்கதான் அவனைக் கூப்பிடணும்.” அன்றிலிருந்து அங்கிளின் வாய்க்கு அதிகாரபூர்வ வேலை கிடைத்துவிட்டது. ஆட்டம் முழுக்கக் கத்துகிறார். காது வலிக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் கோல் வருவது குறைந்திருக்கிறது.

இன்னொரு வசதி, காணொளி. ஒரு கம்பத்தில் தம் கைப்பேசியை மாட்டிப் பதிவு செய்கிறார். புதன்கிழமை இரவுக்குள் ஒவ்வொருவருக்கும் அவரவர் துண்டு வந்துவிடும், வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. எனக்கு வந்ததைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, எல்லாரும் ஓடுறாங்க, நீங்க மட்டும் ஏன் நடக்குறீங்க?” என்றாள். இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

பயிற்சி முடிந்து புரோட்டாக் கடையில் உட்கார்ந்தால் ஒரே விவாதம்: இவரைப் போன்ற ஒருவர் ஆண்களின் தொழில்முறைக் குழுவுக்குப் பயிற்றுநராக முடியுமா? முடியுமா என்று கேட்பதே காலம் கடந்த கேள்வி. நம் ஆசியாவிலேயே, ஹாங்காங்கில், 2015 டிசம்பரில் பருவத்தின் நடுவே ஈஸ்டர்ன் குழுவின் பயிற்றுநர் சீனாவுக்குப் போய்விட, 27 வயது சான் யுவென் டிங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2016இல் அவர் லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். ஒரு நாட்டின் உச்ச நிலை ஆண்கள் லீக்கை வென்ற முதல் பெண் பயிற்றுநர் என்று கின்னஸில் பதிவானது. மறுவருடம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் சீனாவின் குவாங்சோ எவர்கிராண்டேயிடம் 7-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் வாங்கித் தந்த ஸ்கொலாரி. அந்த ஏழு கோலை இன்றும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த ஆட்டத்தில் ஜப்பானின் கவாசாக்கியோடு 1-1 என்று சமன் செய்ததை அவர்கள் சொல்வதில்லை.

எங்கள் பல் மருத்துவருக்கு நட்சத்திர ஆட்டக்காரர்கள்தான் பிடிக்கும். அவர் எடுத்துவிடுவது கரோலினா மொராச்சே கதை. 1990இல் வெம்பிளியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு கோல் போட்ட இத்தாலிக்காரர். 1999இல் விதெர்பேசே என்ற மூன்றாம் நிலை ஆண்கள் குழு அவரைப் பயிற்றுநராக்கியது. இரண்டே ஆட்டம். உரிமையாளரோடு ஒத்துவராமல் கிளம்பிவிட்டார். ஜெர்மனிக்காக 64 கோல் போட்ட இன்கா கிரிங்ஸுக்கு 2019இல் ஸ்ட்ராலன் ஆண்கள் குழுவைக் கொடுத்தார்கள், அதுவும் நான்காம் நிலையிலிருந்து இறங்கப்போகிற நேரத்தில். இறங்கியது, மறுவருடமே மேலே ஏற்றிவிட்டார். பிறகு அவர் பெண்கள் காற்பந்துக்கே திரும்பி, 2023 உலகக் கிண்ணத்தில் சுவிட்சர்லாந்து அணியை நடத்தினார்.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. குழு மூழ்கும்போதோ, இருந்தவர் திடீரென்று போய்விட்டபோதோதான் பெண்ணின் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் ஹன்னா டிங்லி, 2023 ஜூலையில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ், தற்காலிகம். அந்த மாதமே வேறு ஆள் வந்துவிட்டார். ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் சப்ரீனா விட்மன், 2024 மே மாதம், அவரும் தற்காலிகம்தான். ஆனால் அங்கே பருவம் முடிந்ததும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். 2010இல் போட்ஸ்டாம் குழுவோடு பெண்கள் சாம்பியன்ஸ் லீக் வென்ற மேரி-லூயிஸ் ஏட்டா 2023இல் யூனியன் பெர்லினுக்குத் துணைப் பயிற்றுநராக வந்தார், ஜெர்மனியின் உச்ச நிலை ஆண்கள் லீக்கான புண்டஸ்லீகாவில் அந்த வேலைக்கு முதல் பெண். 2024 ஜனவரியில் தலைமைப் பயிற்றுநர் எதிரணி ஆட்டக்காரரின் முகத்தில் கைவைத்துச் சிவப்பு அட்டை வாங்கியபிறகு, டார்ம்ஸ்டாட்டுக்கு எதிராகக் கோட்டோரம் நின்று அணியை நடத்தியவர்களில் ஏட்டாவும் ஒருவர். யூனியன் 1-0 என்று வென்றது. பெண்களுக்குக் கோபத்தை அடக்கத் தெரியாது என்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

அவசரமில்லாமல், நிதானமாக வாய்ப்புக் கிடைத்தவர் என்று பார்த்தால் பிரான்சின் கொரின் டியாக்ர். அவர்கூட இரண்டாவது தேர்வுதான். முதலில் அறிவிக்கப்பட்ட எலெனா கோஸ்டா வேலை தொடங்கும் முன்பே விலகிவிட்டார். பிரான்சுக்காக 121 ஆட்டம் ஆடிய டியாக்ர் 2014 முதல் 2017 வரை கிளெர்மோன் குழுவை இரண்டாம் நிலையில் நடத்தினார். அதன்பிறகு அங்கே யாரும் ‘பெண் பயிற்றுநர்’ என்று புகைப்படம் எடுக்க வந்திருக்க மாட்டார்கள். தோற்றால் திட்டியிருப்பார்கள், மற்ற பயிற்றுநர்களைத் திட்டுவது போல.

இதையெல்லாம் நான் தேநீரோடு கக்காவிடம் கொட்டினேன். அவருக்கு என் ஆர்வம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 2021இல் எம்மா ஹேய்ஸ் இங்கிலாந்தில் செல்சி பெண்கள் அணியின் பயிற்றுநராக இருந்தபோது, மூன்றாம் நிலையில் இருந்த விம்பிள்டன் ஆண்கள் குழுவுக்குப் போவார் என்று செய்தி கிளம்பியது. பெண்கள் காற்பந்தைக் கீழ்ப்படி என்று நினைப்பதே அவமானம் என்கிற மாதிரி ஹேய்ஸ் பதில் கொடுத்தார். கக்காவும் அந்தக் கட்சி. “பிறகு எங்களுக்கு ஏன் கோச்சிங் குடுக்குறீங்க?” என்றேன். “பொண்ணுங்க டீம்கிட்ட காசு இல்ல. உங்ககிட்ட இருக்கு.” எங்கள் 25 வெள்ளியில் ஒரு பகுதி சனிக்கிழமைகளில் அவர் நடத்தும் பெண்பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறதாம். கையில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் பி நிலைப் பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறது. அடுத்தது ஏ, அதற்கும் மேலே புரோ. ஏ படிக்க வேலையில் விடுப்பு வேண்டும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். பார்க்கலாம் என்கிறார்.

இனி குறைகள். மின்னல் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டால் வகுப்பு அதோடு முடிந்தது. பணம் திரும்ப வராது, அடுத்த தொகுப்பில் கழித்துக்கொள்வார். நம் ஊர் மழைக்கு இது நியாயமில்லை. பாதி வகுப்புக்குள் நின்றுபோனால் பாதிப் பணமாவது கையில் கொடுக்கலாம். சொல்லியிருக்கிறேன், இன்னும் மாறவில்லை. திடலுக்குப் பக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையம் கிடையாது. பேருந்திலிறங்கி நடக்கிற நடையிலேயே உடம்பு சூடாகிவிடும். ஏழரை என்றால் ஏழரைதான். தாமதமாக வந்தவர் அணி பிரிக்கப் போட்ட அன்றைய வண்ண மேலாடைகள் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து வர வேண்டும். இருபது பேர் வியர்வை ஊறிய அந்தப் பையோடு மின்தூக்கியில் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பார்.

பெரிய குறை கோல் கீப்பருக்கு. அவருக்கென்று தனிப் பயிற்சி எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரமும் மற்றவர்களுக்குப் பந்தை உருட்டிவிட்டுக்கொண்டே நிற்கிறார், கொடுப்பதோ அதே 25 வெள்ளி. அது தன் துறை இல்லை, தெரியாததைச் சொல்லிக் கொடுத்துக் கையை உடைக்க மாட்டேன் என்று கக்கா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நேர்மை சரி, கட்டணத்தையும் குறைத்திருக்கலாம்.

அப்புறம், தனியாள்களுக்கு இது ஏற்றதல்ல. ஏற்கெனவே ஒன்றாக ஆடும் குழுவாகப் போனால்தான் பலன், ஏனென்றால் அவர் சரிசெய்வது ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. இருபது வயதுத் தம்பிகள் தந்திரமான உதைகளைக் கற்கலாம் என்று வந்தால் ஏமாந்துபோவார்கள்.

நாங்கள் அடுத்த தொகுப்புக்கும் பணம் கட்டிவிட்டோம். பழைய கோல் கீப்பர் இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவரைக் குறைசொல்ல முடியாது. ஈசூன் பக்கம் யாராவது கையுறையோடு சும்மா இருந்தால் சொல்லுங்கள், முதல் வகுப்புக் காசை நாங்கள் பங்குபோட்டுக் கட்டிவிடுகிறோம்.