காற்றாலைக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்களே, ஆர்பிஎம் கணக்கில் ஏமாற்றுகிறார்கள்

வீட்டிலேயே செங்குத்துக் காற்றாலை செய்ய ஆன்லைனில் ஜெனரேட்டர் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "1000 வாட், 24 வோல்ட், 300 ஆர்பிஎம்" (அதாவது நிமிடத்துக்கு 300 சுற்று) என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெர்மனென்ட் மேக்னட் (நிலைக்காந்தம் வைத்த) ஜெனரேட்டரை 18,500 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும் வந்தது. இரண்டிலும் ஏமாற்றிவிட்டார்கள்.

உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. நான் செய்தது சவோனியஸ் வகை, அதாவது அரை டிரம்களில் காற்றைப் பிடித்துச் சுற்றும் செங்குத்துக் காற்றாலை. 200 லிட்டர் டிரம் இரண்டை நெடுக்காகப் பிளந்து, பாதிகளை எதிரெதிராகத் தள்ளி வைத்து, ஒரு அடுக்குக்கு மேல் இன்னொன்றை 90 டிகிரி திருப்பிப் பற்றவைத்தோம். குறுக்களவு 1 மீட்டர், உயரம் ஒன்றே முக்கால் மீட்டர்.

விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் இந்தப் பரப்புக்குள் வரும் மொத்த சக்தியே சுமார் 130 வாட்தான். சவோனியஸ் அதில் 15 சதவீதம் பிடித்தாலே நல்லது, 20 வாட் என்று வையுங்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும், 150 வாட் வரலாம். ஆகவே ஆயிரம் வாட்டை நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் நம்பியது 300 ஆர்பிஎம் என்ற எண்ணை.

டிரம்மின் விளிம்பு ஏறக்குறைய காற்றின் வேகத்திலேயே சுற்றும். 5 மீட்டர் காற்றில் நிமிடத்துக்குச் சுமார் 95 சுற்று. 1:3 பெல்ட் புல்லி போட்டால் 285. காற்று கொஞ்சம் கூடியதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறத் தொடங்க வேண்டும். இவ்வளவையும் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, "300-ல் 24 வோல்ட் வருமா?" என்று கேட்டேன். "தாராளமா வரும் சார்" என்று பதில் வந்தது.

ஆடிக் காற்றில் டிரம் பேயாகச் சுற்றியது, ஒரு ஆம்பியர்கூட ஏறவில்லை. கேட்டால் காற்று போதாது என்றார். அப்புறம் பேரிங் இறுக்கம் என்றார், அப்புறம் கம்பம் உயரம் பற்றாது என்றார். ஆடி மாதத்தில் உடுமலைக்காரனிடம் காற்று போதாது என்று சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ!

கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். லேத்தில் எத்தனை சுற்று என்று துல்லியமாகத் தெரியும். ஏசியை டிசியாக மாற்றும் டயோடு பிரிட்ஜ் போட்டு, லோடு எதுவும் கொடுக்காமல் மீட்டரை வைத்தோம். 300-ல் 9 வோல்ட். 24-ஐத் தொட 800 சுற்று வேண்டியிருந்தது. அதாவது 10 மீட்டர் காற்றே அடித்தாலும், பெல்ட்டோடு 570 சுற்றில் 17 வோல்ட்தான், 24 வோல்ட் பேட்டரிக்கு அது ஏறாது. பிரித்துப் பார்த்தால், வலுவான நியோடிமியம் காந்தம் என்று சொன்ன இடத்தில் ஸ்பீக்கரில் இருக்கும் ரக, வலுக்குறைந்த கறுப்பு ஃபெரைட் காந்தம். காயில் கம்பியைச் சுரண்டினால் செம்புப் பூச்சுக்கு அடியில் அலுமினியம்.

கன்ட்ரோலர் விஷயம் இதைவிட ஆபத்து. சாதாரண சோலார் கன்ட்ரோலர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பேட்டரி நிறைந்ததும் சோலார் பேனலைத் துண்டித்தால் ஒன்றும் ஆகாது. காற்றாலையைத் துண்டித்தால் சுமை போய் ரோட்டர் தறிகெட்டு ஓடும். மிச்ச மின்சாரத்தை ஹீட்டர் காயில் போன்ற டம்ப் லோடுக்குத் திருப்பியாக வேண்டும். அதற்கான இணைப்பே இந்தப் பெட்டியில் கிடையாது. சவோனியஸ் வேகத்துக்காவது ஒரு வரம்பு உண்டு, ஆனாலும் அதிர்ந்து அதிர்ந்து வெல்டிங் விட்டுப்போகும். மெல்லிய இறக்கைகள் வைத்த டாரியஸ் வகைச் செங்குத்துக் காற்றாலையில் இறக்கை காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். அதில் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டு, கம்பத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? முக்கியமாக அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் 100, 200, 300 ஆர்பிஎம்மில் எத்தனை வோல்ட் என்று எழுத்தில் கேளுங்கள். நேரில் போனால் ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டுத் தண்டைக் கையால் திருப்புங்கள். நல்ல காந்தம் என்றால் கையை எதிர்த்து இறுக்கிப் பிடிக்கும். என்னுடையது சும்மா சுற்றியது.

விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தும் அவர் அசையவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லும் லேத் வீடியோவும் வைத்திருக்கிறேன். அவற்றைவிடப் பெரிய ஆதாரம், "தாராளமா வரும் சார்" என்று அவரே எழுதி அனுப்பிய அந்த ஒரு வரி. நீங்களும் எதையும் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.