யோத்துல் 118: பழைய கணப்படுப்போடு பல குளிர்காலங்கள்

நார்வேயின் யோத்துல் 118, 1940-களில் வந்த, அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்புக் கணப்படுப்பு. ஒடுங்கிய நீளப் பெட்டி. 60 செ.மீ. நீள விறகும் உள்ளே போகும். சுருட்டு மாதிரி முன்னிருந்து பின்னாக எரியும். புகை முன்பக்கம் வந்து, மேலுள்ள தடுப்புத் தகட்டைச் சுற்றிக்கொண்டு பின்புறப் புகைக்குழாய்க்குப் போகும். அதனால் விறகு சேர்க்குமுன் தணலைக் கதவருகே இழுத்துவிட வேண்டும். தணல் பின்னால் கிடந்தால் புது விறகு புகையும், பற்றாது.

பழைய அடுப்பு வாங்குபவர் இருட்டில் உள்ளே டார்ச்சை வைத்துப் பார்க்கட்டும். எந்த மூட்டில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே காற்றும் நுழையும், தீ நம் பிடியில் நிற்காது. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, உலைச் சிமெண்ட் பூசி, முதல் இரண்டு மூன்று முறை சிறு தீ மட்டும் மூட்டுங்கள். எடுத்ததும் பெருந்தீ வைத்தால் பூச்சு வெடித்துவிடும். பக்கவாட்டு உள்தகடுகளும் தடுப்புத் தகடும் தேய்மானப் பொருள்கள், வளைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் உலர்வாகச் சுரண்டவே கூடாது.

விறகுதான் பாதி அடுப்பு. பிர்ச் மரத்தை வசந்தத்திலேயே பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி வையுங்கள். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். ஈரமானியை விறகின் வெளிப்புறத்தில் குத்தினால் ஏமாந்துபோவோம். ஒரு துண்டை அப்போதே பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள்.

இந்த அடுப்பின் பக்கச் சுவரில், இரவில் நெருப்பைச் சாம்பலில் புதைக்கிறேன், இறைவா, அது அணையாதிருக்கட்டும் என்ற பொருளில் பழைய வரி வார்க்கப்பட்டிருக்கும். அழகான வேண்டுதல்தான். ஆனால் அதை நம்பி, இரவில் அடுப்பு நிறைய விறகை அடைத்துக் காற்றுத் திருகை இறுக்கி மூடுவதுதான் புகைபோக்கியைக் கெடுக்கும் முதல் வேலை. எரியாத வாயு குளிர்ந்த குழாயில் தாராகப் படியும். ஒருநாள் அதுவே பற்றிக்கொண்டு உறுமும். மேல்தகட்டில் காந்த வெப்பமானி ஒட்டி, 200 முதல் 300 டிகிரி செல்சியசுக்குள் வையுங்கள். இரவில் கடைசியாக இரண்டு துண்டுகளை நன்றாகக் காற்றுவிட்டு எரியவிட்டு, சுடர் அடங்கித் தணலானபின் காற்றைக் குறைத்தால் போதும். காலையில் சாம்பலைக் கிளறினால் பெரும்பாலும் தணல் கிடைக்கும். ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைத் துடைப்பதும், அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுவதும் கட்டாயம்.

நார்வேயில் 1998 முதல் சுத்தமாக எரியும் அடுப்புகளை மட்டுமே புதிதாகப் பொருத்தலாம்; பெர்கன் நகரில் 2021 முதல் பழையவற்றை எரிக்கவே தடை. எனவே, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் 118-ஐப் பேணுவது வேறு, பழைய சாமான் கடையில் வாங்கி வந்து பொருத்த நினைப்பது வேறு. விதியை விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாம்பலை 2 செ.மீ. விட்டுவைத்து மீதியை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மூன்றாம் நாளும் உள்ளே தணல் உயிரோடு இருக்கலாம்.