கலிப்சோ லைடார் தரவு: மதுரை வானத்துக்கு எவ்வளவு நம்பலாம்?

லைடார் என்பது லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் காற்றிலுள்ள தூசு, புகையை அளக்கும் கருவி. அதைச் சுமந்து 2006-இல் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள் 2023 ஆகஸ்டோடு வேலையை நிறுத்திவிட்டது. அதன் 17 வருடத் தரவு மட்டும் இன்னும் இலவசம். மேலூர் குவாரித் தூசு, சிவகாசிப் புகை என்று புராஜெக்ட் எடுப்பவர்களுக்குச் செலவில்லாத முதல் தேர்வு இதுதான்.

532 நானோமீட்டர் (பச்சை லேசர்) பின்சிதறல் அளவுக்கு, அதாவது துகள்களில் பட்டுத் திரும்பி வரும் ஒளியின் அளவுக்கு, 5-க்கு 4.5 தாராளமாகக் கொடுக்கலாம். நாசா லாங்லியின் பி-200 விமானம் 2006–2009-இல் ஹெச்எஸ்ஆர்எல் என்ற நுட்பமான லைடாரோடு 86 முறை கலிப்சோவின் பாதைக்கு அடியில் பறந்து ஒப்பிட்டது. சராசரியாக இரவில் 2.7%, பகலில் 2.9%தான் கலிப்சோ குறைத்துக் காட்டியது. இந்த ஒப்பீடு லேசுப்பட்ட வேலையல்ல. 200 கி.மீ. பாதையைச் செயற்கைக்கோள் அரை நிமிடத்தில் தாண்டிவிடும். விமானத்துக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்குள் மேகம் நகர்ந்துவிடும். விமானம் பறப்பதோ சுமார் 9 கி.மீ. உயரத்தில். அதற்கு மேலே சிரஸ் என்ற மெல்லிய பனிப்படிக மேகம் படர்ந்திருந்தால் செயற்கைக்கோளின் ஒளி மட்டும் வழியிலேயே மங்கும். அதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் பழி லேசர் மேல் விழும்.

ஏஓடிக்கு (காற்றிலுள்ள துகள்கள் மொத்தமாக ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்ற அளவு) 2.5-க்கு மேல் தர மனம் வரவில்லை. பின்சிதறலை ஏஓடியாக மாற்ற ‘லைடார் விகிதம்’ வேண்டும்: துகள் மறைக்கும் ஒளிக்கும் அது திருப்பி அனுப்பும் ஒளிக்கும் உள்ள விகிதம். கலிப்சோ அதை அளப்பதில்லை. தூசு, புகைப் படலத்தின் வகையை ஊகித்து அட்டவணை எண்ணைப் போடுகிறது. தரவின் நான்காம் பதிப்பில் தூசுக்கு 44, மாசு கலந்த தூசுக்கு 55, புகைக்கு 70. தூசைப் புகை என்று எடுத்துக்கொண்டால் ஏஓடி ஒன்றரை மடங்கைத் தாண்டும். விமான லைடார் காற்று மூலக்கூறுகளின் சிதறலைத் தனியே பிரிப்பதால் விகிதத்தை நேரடியாக அளந்துவிடும். ஆனால் அந்தப் பறப்புகள் வட அமெரிக்கா, கரீபியன் பக்கம் நடந்தவை. குவாரித் தூசும் செங்கல் சூளைப் புகையும் கலந்த நம்ம ஊர்க் காற்றுக்கு அந்த உத்தரவாதத்தை அப்படியே நீட்ட முடியாது.

5 கி.மீ. புரொஃபைல் (உயரவாரியான அளவு) கோப்பில் சிஏடி மதிப்பு (மேகமா, துகள் படலமா என்று பிரிக்கும் எண்) −100 முதல் −20 வரை, ஒளிமறைப்புக் கணக்கின் தரக்கொடி 0 அல்லது 1 உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிமறைப்பின் நிச்சயமின்மை 99.99 என்று வந்தால் அந்த அடுக்கோடு கீழே உள்ளதையும் தூக்கிப்போடுங்கள். பகலில் சூரிய ஒளி இரைச்சல் அதிகம், இரவுப் பாதையே மேல். மெல்லிய படலத்தைப் பிடிக்க 80 கி.மீ. வரை சராசரி எடுப்பார்கள். அப்படிச் சிக்கிய படலத்தில் மதுரையும் சிவகாசியும் ஒரே துண்டில் அடங்கிவிடும். எந்த ஊர்ப் புகை என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மேகத்துக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் தெரியாது.

2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள், லைடார் விகிதத்தைத் தானே அளக்கும். அதன் லேசர் 355 நானோமீட்டர். அலைநீளத்துக்கான மாற்றத்தைச் செய்யாமல் கலிப்சோ வரைபடத்தோடு ஒட்டிவிடாதீர்கள்.