பெரிய எழுத்து பைபிள்: அம்மாவுக்கு வாங்கி நான் படித்தது

கண்புரை ஆபரேஷன் முடிந்தும் பொடி எழுத்து தெரியவில்லை என்று அம்மா சொன்னதால், போன வருடம் தவக்காலத்துக்கு முன்னால் இந்தப் பெரிய எழுத்து ஒத்தவாக்கிய பைபிளை (ஒரு வசனத்துக்கு ஒத்த மற்ற வசனங்கள் எங்கே இருக்கின்றன என்று குறிப்புப் போட்டது) வாங்கினேன். கறுப்பு அட்டை, ஜிப் வைத்த உறை, புத்தகங்களைச் சட்டென்று திறக்க ஓரத்தில் தம் இண்டெக்ஸ் வெட்டுகள்.

அப்போது நான் இருந்த நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். தம்பி கிட்னி போய் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது கடவுளின் வாக்குறுதியாக ஒரு வசனம் எழுதிய அட்டையில், "நான் உன்னைக் குணமாக்குவேன்" என்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உபவாசம் இருந்து ஜெபித்தோம், ஆகஸ்டில் அடக்கம் பண்ணினோம். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் உங்கள் விசுவாசத்தில் எங்கோ குறை இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறமும் ஆலயத்துக்குப் போனேன், பாட்டும் பாடினேன், ஜெபம் மட்டும் வரவில்லை.

சரி, பைபிளுக்கு வருகிறேன். எழுத்து நன்றாகக் கறுப்பாக, இடைவெளி விட்டு இருக்கிறது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் படிப்பார்கள், அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், மீதியை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த பழைய மொழிபெயர்ப்புதான் இது. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பின் தமிழ் இதைவிட எளிது, புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அம்மாவுக்கு இந்த வாக்கியங்கள் மனப்பாடம், ஒரு சொல் தவறினாலும் திருத்துவார்கள்.

என் பழைய பைபிளில் நான் சிவப்புப் பேனாவால் கோடு போட்ட வசனங்கள் நிறைய. எல்லாம் வாக்குத்தத்தங்கள். திறந்தால் கண் அங்கேதான் போகும். இதில் ஒரு கோடும் இல்லாததால் பைபிளின் ஜெபப் பாடல்களான சங்கீதத்தை முதலிலிருந்து வரிசையாக வாசிக்க வேண்டியதாயிற்று. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பித்தபோது என் குரல் நின்றுவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்கள். சின்ன வயதிலிருந்து சொல்லி வந்த 23க்கு முந்தின சங்கீதம் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்குகிறது. பெரிய வெள்ளிக்கிழமைதோறும் இயேசு சிலுவையில் சொன்ன நான்காம் வார்த்தையாகக் கேட்டதுதான், ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நான் ஒருநாளும் வாசித்ததில்லை.

88ஆம் சங்கீதத்துக்கு வந்தோம். பதினெட்டு வசனம், கடைசிவரை வெளிச்சமே இல்லை, எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது. ஆனால் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கடவுளைத்தான் கூப்பிடுகிறான் அதைப் பாடியவன். இத்தனையும் சொல்லிவிட்டு அவரிடமே நிற்கலாம், அது விசுவாசக் குறைவு இல்லை என்று எனக்கு அன்றைக்குப் பிடிபட்டது. அன்று ராத்திரி பல மாதத்துக்கு அப்புறம் ஜெபித்தேன், ஜெபம் என்ன, சண்டைதான் போட்டேன்.

குறைகளும் உண்டு. கனம் அதிகம், மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்தால்தான் அம்மாவால் படிக்க முடிகிறது. ஜிப் நான்கே மாதத்தில் பல் விட்டுப்போனது, உறை இல்லாமல் சாதா அட்டையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒத்தவாக்கியக் குறிப்புகள் மட்டும் பொடி எழுத்துதான், வயதானவர்களுக்கு அது உதவாது.

நான் இதில் கோடு போட்டது ஒரே இடத்தில், மாற்கு 9:24. நோயாளி மகனைக் கொண்டுவந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். அந்தப் பையன் குணமானான், என் தம்பி குணமாகவில்லை, அது ஏன் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அந்தத் தகப்பனின் ஜெபத்தையும் தினமும் சொல்கிறேன். பென்சிலால் போடுங்கள். தாள் மெல்லியது, பேனா வைத்தால் பின்பக்கம் ஊறிவிடும்.