ரீலோடிங் பெஞ்ச்: சுவரோடு பிணைத்த மரமா, இரும்புச் சட்டமா, மடக்கு ஸ்டாண்டா?

சுட்ட தோட்டாவின் கூட்டில் புது பிரைமர் (தீமூட்டும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு சேர்த்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். அதில் இறங்குபவர்கள், கூட்டை அழுத்தும் கைப்பிடிக் கருவியான பிரஸ் எது வாங்கலாம் என்று மாதக்கணக்கில் அலசுவார்கள். அதை எதன் மேல் பொருத்துவது என்ற கேள்வி, பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழும். கைக்குக் கிடைத்த மேஜையில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டு, பவுடர் அளவு ஏன் கூடிக் குறைகிறது என்று அப்புறம் கருவியைத் திட்டுவார்கள். என் கட்சி இதுதான்: ஆடாத பெஞ்சில் ஏறிய சாதாரண பிரஸ், ஆடும் மேஜையில் ஏறிய விலையுயர்ந்த பிரஸ்ஸை விட ஒரே சீரான வேலையைக் கொடுக்கும். (வீட்டில் தோட்டா நிரப்ப உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா, உரிமம் வேண்டுமா என்று பார்த்துவிட்டே மேலே படியுங்கள்.)

பித்தளைக் கூட்டை டைக்குள் (கூட்டுக்கு அளவு தரும் அச்சு) அழுத்தும் பெரிய விசை முழுவதும் பெஞ்சின் மேல் இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ராம் (கூட்டை ஏந்தி ஏறும் தண்டு) மேலே தள்ளுகிறது, பிரஸ்ஸின் வார்ப்புச் சட்டம் அதைத் தாங்கிக்கொள்கிறது. அந்தக் கணக்கு பிரஸ்ஸுக்குள்ளேயே தீர்ந்துவிடும். பெஞ்சுக்கு வந்து சேர்வது உங்கள் கை இழுக்கும் விசை மட்டும். ஆனால் கைப்பிடியின் நுனி பெஞ்ச் விளிம்புக்கு வெளியே நிற்கிறது, அங்கேதான் வம்பு. விளிம்பிலிருந்து 30 செ.மீ. வெளியே 20 கிலோ அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 செ.மீ. அகலப் பெஞ்சின் முன்கால்கள் விளிம்புக்கு நேர் கீழே இருந்தால், பெஞ்ச் 20 கிலோவுக்கு மேல் இருந்தாலே கவிழாது. அதே கால்கள் முன்னும் பின்னும் 10 செ.மீ. உள்ளே தள்ளி இருந்தால் 40 கிலோ வேண்டும். அழகுக்காகக் கால்களை உள்ளே இழுத்துச் செய்த மேஜைகள் எல்லாம் இந்த இடத்தில் தோற்றுவிடும்.

சரி, மூன்று வழிகளையும் பார்ப்போம்.

சுவரோடு பிணைத்த மர பெஞ்ச்தான் என் முதல் தேர்வு. பின்பக்கச் சட்டத்தைச் சுவரோடு முடுக்கிவிட்டால் எடைக் கணக்கே தேவையில்லை, சுவரே பிடித்துக்கொள்ளும். வெறும் பூச்சிலோ ஜிப்சம் பலகையிலோ திருகினால் பிடிக்காது. செங்கல், கான்கிரீட் அல்லது சுவருக்குள் ஓடும் சட்டத்தில் பிடிக்க வேண்டும். மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிப் போட்டால் போதும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மலிவு, மேற்பரப்பும் வழவழப்பு, ஆனால் போல்ட்டின் கீழ் மெல்ல நசுங்கும். சில மாதங்களில் நட்டு தானாகத் தளர்ந்திருக்கும். பார்ட்டிகிள் போர்டு விளிம்பில் உதிர்ந்துவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்தப் பலகையானாலும் திருகாணி கூடாது. போல்ட் முழுக்க ஊடுருவ வேண்டும், அடியில் அகலமான வாஷரோ சின்ன இரும்புத் தகடோ வேண்டும். இன்னொன்று: பிரஸ்ஸின் இணைப்புக் கைகள் விளிம்புக்குக் கீழே இறங்கி ஆடும். அந்த இடத்தில் இழுப்பறையோ முன்சட்டமோ இருந்தால், பிரஸ்ஸைப் பூட்டி முதல்முறை இழுக்கும்போதே டங்கென்று இடிக்கும். இந்த பெஞ்சின் குறை, வீடு மாறும்போது கூட வராது.

இரும்புச் சட்ட பெஞ்ச் அப்படியல்ல, கழற்றி எடுத்துப் போகலாம். கடையில் கிடைக்கும் வேலைமேஜைகளில் கால் தடிமனாகவே இருக்கும், ஆனால் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் பெரும்பாலும் இருக்காது. அதனால் முன்பின்னாக ஆடும். ஆட்டத்தை நிறுத்த, இரண்டு பக்கவாட்டிலும் முன்கால் பின்காலுக்கு இடையே பிளைவுட் தகட்டை முடுக்கி, கீழ்த் தட்டில் கனமான சாமான்களை ஏற்ற வேண்டும். மேலே மெல்லிய தகரம் போட்ட மேஜையாக இருந்தால் தகரத்தின் மேல் பலகை போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் தகரம் வளைந்து நிமிரும். வாடகை வீட்டுக்காரருக்கு இதுதான் சரி.

மடக்கு ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் மணல்மூட்டையோ உங்கள் காலோ அழுத்திப் பிடித்தால், ஒரு சிங்கிள் ஸ்டேஜ் (ஒரே ஒரு டை ஏறும்) பிரஸ்ஸில் சின்னக் கைத்துப்பாக்கிக் கூடுகளைச் செய்யலாம். நீளமான ரைஃபிள் கூட்டை முழு அளவுக்குச் சைஸ் செய்யப் போனால் (சுட்டு விரிந்த கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது) ஸ்டாண்ட் உங்களை நோக்கி வரும்.

பெஞ்ச் இப்படி என்றால், அதன் மேல் ஏறும் பிரஸ் எது என்பதும் கணக்கை மாற்றுகிறது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் போன்ற சிங்கிள் ஸ்டேஜில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான், அவசரமில்லை, சின்ன ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். லீ கம்பெனியின் நான்கு துளை டரெட் பிரஸ் (டைகள் ஒரு வட்டத் தலையில் சுழன்று மாறும் வகை) நடுவில் நிற்கிறது. டில்லான் 750 போன்ற புரோகிரசிவ் வகையில் ஐந்து நிலையங்களிலும் ஒரே இழுப்பில் வேலை நடக்கிறது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் தள்ளும்போது பிரைமர் உள்ளே போகிறது. அதாவது பெஞ்ச் இரண்டு பக்கமும் உலுக்கப்படுகிறது. பவுடர் நிரம்பிய கூடு அடுத்த நிலையத்துக்கு நகரும் அந்தச் சின்ன உதறலில், கூட்டின் வாயிலிருந்து நாலைந்து துகள்கள் தட்டில் தெறிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போதாததற்கு, அதிர்வில் பிரஸ்ஸின் மேலுள்ள கலத்தில் இருக்கும் பவுடர் மெல்ல இறுகும். இறுகிய பவுடர் அதே கொள்ளளவில் எடை கூடி விழும். புரோகிரசிவ் வாங்க நினைப்பவருக்கு முதல் வழியைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன்.

பெஞ்சின் உயரம் நின்று வேலை செய்யவா, உட்கார்ந்து செய்யவா? எண்ணிக்கை அதிகம் என்றால் நிற்பது நல்லது: கையின் பலத்தோடு உடலின் எடையும் சேர்கிறது. முழங்கை மட்டத்தில் பெஞ்ச் இருந்தால் தோள் வலிக்காது. ஆனால் தராசில் எடை பார்க்க உட்கார வேண்டும், கண் முள்ளின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் தராசுக்கென்று தனித் தட்டு ஒன்றைச் சுவரில் பொருத்திவிடுங்கள். பிரஸ் ஆடும் பலகையிலேயே தராசை வைப்பது வீண் வேலை.

தராசிலும் போட்டி உண்டு. பீம் தராசு மெதுவானது, ஆனால் மின்சாரம் வேண்டாம். டிஜிட்டல் வேகமானது, மின்விசிறிக் காற்றுக்கும் அறையின் வெப்ப மாற்றத்துக்கும் சுழியம் நகரும். இரண்டுமே பொதுவாக 0.1 கிரெய்ன், அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் வரை காட்டும். ஒரு சோதனை எடைக்கல் இல்லாமல் இரண்டையும் நம்ப மாட்டேன். எவ்வளவு பவுடர் என்பதற்கு அச்சிட்ட ரீலோடிங் கையேடு மட்டுமே. நண்பர் சொன்ன அளவு வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, கம்பளம் விரித்த அறையை விடக் காரை நிறுத்தும் கொட்டகையின் வெறுந்தரையே மேலானது. சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் இருக்கிறது, கம்பளத்தில் அது தங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்க முடிகிற தரையும் பலகையும்தான் வேண்டும். சிந்திய பவுடரையோ பிரைமரையோ வீட்டு வேக்யூம் கிளீனரால் உறிஞ்சக் கூடாது, மோட்டாரின் பொறி போதும். பெஞ்சில் சாப்பாடு, சிகரெட், குழந்தைகள் மூன்றுக்கும் இடமில்லை.

ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் பெஞ்சின் மேல் இருக்கலாம், மீதி அறையின் இன்னொரு மூலைக்குப் போகட்டும். கெட்டியாக மூடும் இரும்புப் பெட்டியில் பூட்டுவது பத்திரம் என்று தோன்றும். தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். தடித்த மரப்பெட்டி, அதற்குள் கம்பெனியின் அசல் டப்பா: இந்த ஒன்றில் மரம் இரும்பை முழுசாக ஜெயிக்கிறது.